நமக்கெல்லாம் தெரிந்தபடி

பஹாவ் பஸ் நிலையத்துக்குப் பின்வரிசை.
நகல், லேமினேட், மொழிபெயர்ப்பு.
பக்கத்துக்கு எட்டு வெள்ளி.
பலகையில் என் பெயர் இல்லை, விலை இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, மழைக்குச் சற்று முன்,
ஹேவ்லி தோட்டத்து ஆபீஸ் பையன் கடிதம் கொண்டுவந்தான்.
நோட்டீஸ் பலகைக்குத் தமிழில் வேண்டுமாம்,
ஐந்து மணிக்குள்.

எடுத்த எடுப்பில்
அஸ் வீ ஆல் நோ.

பழகிய குரல்தான்.
பள்ளிக்கூடப் பரிசளிப்பில் கேட்டிருக்கிறேன்,
கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கறிக்கையில்,
என் வீட்டுக்காரரின் அண்ணன் நிலம் பேச வந்த அன்றைக்கு.
உண்மையிலேயே தெரிந்த சங்கதிக்கு
அதை யாரும் செலவழிப்பதில்லை.
நமக்கெல்லாம் தெரிந்தபடி மழை நனைக்கும் என்று
எவராவது வாய் திறந்ததுண்டா?
மாத்திரைக்கு முன்னால் நீட்டுகிற
ஒரு மிடறு தண்ணீர் அது.

மாத்திரை அடுத்த வரியில் இருந்தது:
பி டிவிஷன் வீடுகள் பதினெட்டும்
மாதக் கடைசியில் காலி செய்யப்படும்.

பேனா அங்கே நிற்கவில்லை.
திரும்பி வந்து, 'வீ' என்ற
அந்தச் சின்னச் சொல்லில் நின்றது.
ஆங்கிலத்துக்கு அது ஒன்று போதும்.
தமிழ் விடாது, கேட்கும்:
நாமா, நாங்களா?
நாம் என்று எழுதினால்
சேற்றுப் பூட்ஸோடு பதினெட்டு வீடும்
ஆபீசுக்குள் வந்து உட்கார வேண்டும்.
நாங்கள் என்றால்
கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே ஏர்கான் ஓடுகிறது.

ஹைக்கால் நகல் மெஷினுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தான்.
அவனைக் கேட்டேன்.
"எங்களுக்கும் ரெண்டு, காக். கித்தா, காமி.
கேட்கிற ஆளையும் சேர்த்தா கித்தா."
எனக்குச் சிரிப்பு வந்தது.
என் அப்பா வாயில் கித்தா என்றால் ரப்பர்.
வெட்டி, செம்பனை நட்டு
முப்பது வருசம் ஆகிவிட்டது அதற்கு.

நாலு மணிக்கு இரிசம்மா வந்தாள்,
மகளின் பிறப்புப் பத்திரத்தை லேமினேட் செய்ய.
பொதுவாய்க் கேட்பதுபோல் கேட்டேன்,
தோட்டத்துல எல்லாருக்கும் என்ன தெரியும்?

"என்ன தெரியாது?
கிராணியோட தராசு
உதிரிப்பழ மூட்டைக்கு ரெண்டு கிலோ முழுங்கும்.
புதன்கிழமை குழாய்ல காத்துதான் வரும்.
பழைய மானேஜர் கார்ல டயரைக் குத்தினது யாருன்னு
குத்தினவன் பொண்டாட்டியத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

வீட்டைப் பற்றி?

"வீட்டுக்கு என்ன?"

லேமினேட் மெஷின் சூடாகும்வரை
இரண்டு பேரும் பேசவில்லை.

நான் எழுதினேன்:
எங்களுக்கெல்லாம் தெரிந்தபடி.
பிழை இல்லை. அகராதியும் ஒப்புக்கொள்ளும்.
ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது
பையன் வாங்கிப் போனான், படிக்காமல்.

புதன்கிழமை, தண்ணீர் வராத நாள்,
பலகைக்கு முன்னால் கூட்டமாம்.
மரியசூசை உரக்கப் படித்தானாம்,
முதல் சொல்லிலேயே இரிசம்மா நிறுத்தினாளாம்.
"இரு. எங்களுக்குன்னா யாருக்கு?"

வியாழக்கிழமை ஏழு பேர் வந்தார்கள்,
ஒரே நாற்காலிதான், யாரும் உட்காரவில்லை.
பதில் எழுதணும், இங்கிலீஷில்.
தராசு, குழாய், வராத நோட்டீஸ்,
ஆயாக்கொட்டகைக் கூரை, மறுபடியும் தராசு.
டயரை விட்டுவிடச் சொன்னார்கள்.

தொடக்கம் என்ன போட, என்றேன்.
"அவங்க போட்டதையே போடுங்க."

அஸ் வீ ஆல் நோ என்று அடித்தேன்.
இதில் யார் உள்ளே, யார் வெளியே என்று
ஆபீசில் உட்கார்ந்து அவர்கள் யோசிக்கட்டும்.

இரண்டு பக்கம், பதினாறு வெள்ளி.
எண்ணி வைத்தார்கள், முழுக்கச் சில்லறையாக.
இருபது காசு கூட இருந்தது.
திருப்பிக் கொடுக்கக் கூப்பிடுவதற்குள்
பஸ் கிளம்பிவிட்டது.